பாதியில் வந்தவர்

போன சந்திப்பில் கெமிஸ்ட்ரி படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நான் வேற காலேஜிலிருந்து பாதியில வந்தவன். பிஎச்.டி.க்கு எடுத்துக்குவாங்களா?"

நானும் இரண்டாம் ஆண்டில் மாறி வந்து இங்கே பி.எஸ்ஸி. முடித்து, பிறகு இன்ஜினியர் ஆனவன்தான். அவனுக்குச் சொன்ன கதையை இங்கும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் புரூஸ் மெரிஃபீல்ட் என்று ஒருவர். 1921-இல் பிறந்தவர். குடும்பம் ஊர் ஊராக மாறியதால், 1939-இல் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் கிட்டத்தட்ட 40 பள்ளிகள்! பசடீனா ஜூனியர் காலேஜில் இரண்டு வருடம். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, வேதியியலில் பட்டம். அடுத்த ஒரு வருடம் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சோதனை விலங்குகளைப் பராமரிக்கும் வேலை. இது போதாது, இன்னும் படிக்க வேண்டும் என்று உணர்ந்தார். பாதியில் வந்து சேர்ந்த அதே துறைதான் மறுபடியும் இடம் கொடுத்தது. 1949-இல் டாக்டர் பட்டம்.

பிறகு நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் ஆய்வகம். அமினோ அமிலத்தைச் சிறு பிசின் மணியில் ஒட்டிவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மிச்சத்தைக் கழுவிவிட்டாலே போதும் என்று 1963-இல் காட்டினார். இதைத் தானே செய்யும் இயந்திரத்தை வீட்டின் நிலவறையிலேயே உருவாக்கினார். அங்கேதான் என் இன்ஜினியர் மனசு சொக்கிப்போகிறது! 1984-இல் நோபல் பரிசு.

தம்பி, எங்கிருந்து வந்தாய் என்பது சான்றிதழில் ஒரு வரி. வந்த இடத்தில் மிச்சமுள்ள இரண்டு வருடத்தை லேபில் எப்படிக் கழித்தாய் என்பதை உன் ஆசிரியர்தான் எழுதப்போகிறார். அதைக் கவனி.