மான்டெசூமாவும் வேடியப்பனும்: வீடியோ கேமுக்குள் போகும் வரலாறு யாருடையது?

1984-இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 'மான்டெசூமாஸ் ரிவெஞ்ச்' என்று ஒரு வீடியோ கேமை வெளியிட்டது. எழுதியது ராபர்ட் ஜேகர் என்ற பதின்வயதுப் பையன். பனாமா ஜோ என்றொருவன் அஸ்டெக் அரசனின் நிலத்தடி அறைகளுக்குள் புகுந்து, மண்டை ஓடுகளையும் பாம்புகளையும் தாண்டிக் குதித்து, புதையலை அள்ளிக்கொண்டு போகணும். கதை அவ்வளவுதான். விஷயம் தலைப்பில் இருக்கு. மெக்சிகோவுக்குச் சுற்றுலா போகும் அமெரிக்கர்களுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போகும். அதற்கு அவர்கள் வைத்த கேலிப் பெயர்தான் 'மான்டெசூமாவின் பழி'. 1502 முதல் 1520 வரை ஆண்ட ஒரு பேரரசனின் பெயர் வயிற்றுப்போக்குக்குப் பெயராகி, அப்புறம் விளையாட்டுக்கும் பெயராச்சு.

(சின்ன இடைச்செருகல்: 2015-இல் டீப்மைண்ட் நிறுவனம் 49 அடாரி விளையாட்டுகளைத் தானாகக் கற்றுக்கொள்ளும் ஒரு நிரலை வெளியிட்டது. பலவற்றில் அது மனிதர்களை மிஞ்சியது. இந்த விளையாட்டில் அது எடுத்த மதிப்பெண் பூஜ்யம். நிஜமான பழி அதுதான் போல.)

தருமபுரி நடுகற்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் மெக்சிகோவில் என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கு, கொஞ்சம் சுற்றித்தான் வரணும்.

2000-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: தி கான்கரர்ஸ்' நம்மில் பலர் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஆடியது. அதில் மான்டெசூமா பெயரில் ஒரு கதைத்தொடர் உண்டு. அஸ்டெக் படையில் குதிரை கிடையாது. ஸ்பானியர் வருவதற்கு முன் அந்த நிலத்தில் குதிரையே இல்லை என்பதால் அது சரியான வரலாறு. குதிரைக்குப் பதில் கழுகு வீரர், ஜாகுவார் வீரர். கடைசிக் கட்டத்தில் நீங்கள் ஸ்பானியரைத் தோற்கடிக்கலாம். நிஜத்தில் டெனோச்டிட்லான் நகரம் 1521 ஆகஸ்ட் 13-இல் வீழ்ந்தது. தோற்றவர் பக்கம் நிற்கிற கதைதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் மேல் இருந்த பெயர் வென்றவர்களுடையது.

'சிவிலைசேஷன்' தொடரில் 1991-இன் முதல் பாகத்திலேயே அஸ்டெக்குக்கு மான்டெசூமா, இந்தியாவுக்குக் காந்தி. ஐந்தாம் பாகத்தில் அஸ்டெக்குகளின் தனிச் சிறப்பு என்ன தெரியுமா? கொல்லும் ஒவ்வொரு எதிரிக்கும் 'பண்பாட்டுப் புள்ளி' ஏறும்! நரபலி இருந்தது உண்மை. ஆனால் சந்தையும் மிதக்கும் தோட்டங்களும் கவிதையும் வைத்திருந்த ஒரு நகரத்தில் கேம்காரர் கண்ணுக்கு முதலில் படுவது எப்போதும் அந்தப் பலிபீடம்தான். ஏன்?

என் கணிப்பு, அது மூலச் சான்றுகளின் கோளாறு. அஸ்டெக் ஓவியச் சுவடிகளில் பெரும்பகுதி எரிக்கப்பட்டது. மிஞ்சியதில் பெரிய ஆதாரம், சஹாகுன் என்ற பாதிரியார் நாவா மாணவர்களையும் முதியவர்களையும் வைத்து 1577 வாக்கில் முடித்த 12 புத்தகத் தொகுதி. நாவாட்டல் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் எழுதப்பட்ட அருமையான நூல். போரில் செத்த வீரன் நான்கு வருஷம் சூரியனுக்குத் துணையாக நடந்து, பிறகு தேன்சிட்டாகவும் வண்ணத்துப்பூச்சியாகவும் மாறிப் பூக்களில் தேன் குடிப்பான் என்ற நம்பிக்கை அதில்தான் வருகிறது. ஆனாலும் எழுத வைத்தவர், அந்தத் தெய்வங்களை ஒழிக்க வந்தவர். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அந்த நிழல் விழும். இந்த நிழலிலிருந்து நகர்ந்து நின்ற ஒரு முயற்சி, மெக்சிகோவின் சிவாவா நகரத்து லியென்ஸோ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'அஸ்டெக்: ஃபர்காட்டன் காட்ஸ்'. ஐரோப்பியர் கைப்பற்றாமலே போன ஒரு டெனோச்டிட்லான், எதிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தது. ஆட்டம் என்ற அளவில் சுமார்தான். ஆனால் கேள்வியை மெக்சிகோக்காரர்களே கேட்டார்கள்.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

அதே 2022 ஏப்ரலில் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-க்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்தது. 'திராவிடர்' என்று ஒரு தனி நாகரிகம். சுருள்வாள் வீரர், திரிசடை என்ற கப்பல், 'வூட்ஸ்' எஃகு எல்லாம் உண்டு. வூட்ஸ் என்பதே 'உக்கு', அதாவது நம்ம உருக்கு, வெள்ளைக்காரர் வாயில் திரிந்தது. படைவீரர்கள் தமிழில் பதில் சொல்வார்கள். இராசேந்திர சோழனுக்கு ஒரு கதைத்தொடர். 2025-இல் வந்த 'சிவிலைசேஷன் 7' ஒரு படி மேலே போய், வெளியீட்டின்போதே சோழரைச் சேர்த்திருந்தது. அஸ்டெக்குகள் அந்தப் பட்டியலில் இல்லை! காலம் எப்படி மாறுது பாருங்க.

மான்டெசூமாவுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இராசேந்திரனுக்குக் கிடைத்தது: அவன் பெருமையை அவனே கல்லில் வெட்டி வைத்தான். மெய்க்கீர்த்தி என்பது ஒருவகையில் கேமுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். வென்ற ஊர்களின் பட்டியல், கொண்டுவந்த பொருள்களின் பட்டியல், கடைசியில் கடாரம். கேம்காரர் அதை அப்படியே கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆக, அஸ்டெக் கதை கேமுக்குள் போனது எதிரியின் வாயிலிருந்து. சோழன் கதை போனது அரசனின் வாயிலிருந்து. இரண்டிலும் ஆடு மாடு மேய்த்தவன் குரல் இல்லை.

அந்தக் குரல் கிடைக்கிற இடம் தருமபுரி. மாவட்டம் உருவானது 1965-இல்தான், ஆனால் இந்தத் தகடூர் நாட்டில் நடுகல் மரபு சங்க காலம் தொட்டு வருவது. அதியமான் நெடுமான் அஞ்சி செத்த பிறகு அவனுக்கு நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதைப் பார்த்து ஔவை கலங்கிப் பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாட்டு. நாடு கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்பது அவள் ஆதங்கம். அது குறுநில மன்னனுக்கு வைத்த கல். பின்னால் பல்லவர் காலத்தில் இங்கேயும் பக்கத்துச் செங்கம் பகுதியிலும் நின்ற கற்கள் பெரும்பாலும் சாதாரண ஆட்களுக்கானவை. வட்டெழுத்தில் நாலைந்து வரி. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய தொறுவை (மாட்டு மந்தையை) யார் கவர்ந்தார்கள், யார் மீட்கப் போய்ப் பட்டான். அவ்வளவுதான். வெற்றிப் பட்டியல் எதுவும் கிடையாது. அரசன் பெயர் வருவது வருஷக் கணக்குக்கு மட்டும்.

கல்லில் உருவமும் இருக்கும். ஒரு கையில் வில், இன்னொன்றில் வாள், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்பு, காலடியில் மாடுகள், ஓரத்தில் கெண்டியும் சிமிழும். பிற்காலக் கற்களில் அடுக்கடுக்காகக் கட்டம் பிரித்திருப்பார்கள்: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அவனைத் தூக்கிப் போவது, மேலே சிவலிங்கத்தின் முன் அவன். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாவட்ட எல்லையைத் தாண்டிய எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. தொறு காக்கப் போய் இறந்தவன் கருந்தேவகத்தி. அவன் பக்கத்திலேயே ஒரு நாயைச் செதுக்கி, அதற்குத் தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். 1400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரை எழுதி வைத்த ஊர். இதை விட்டுவிட்டு எதற்குக் கடாரம் வரைக்கும் போகணும்?

ஆனால் கேம் செய்யக் கிளம்புகிறவருக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டையும் இருக்கு. இந்தக் கற்கள் பல இன்றும் கும்பிடப்படுகின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கங்களில் நடுகல்லுக்கு வேடியப்பன் என்று பெயர். பொங்கல் வைக்கிற சாமியை விசைப்பலகையால் ஓட விடலாமா? 2009-இல் ஐதராபாத் அரோனா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2-க்கு 'ஹனுமான்: பாய் வாரியர்' செய்தபோது இதே ஆட்சேபம் எழுந்தது: கடவுளைக் கையில் பிடித்து ஆட்டி வைப்பதா என்று. அஸ்டெக் தெய்வங்களுக்காக யாரும் அப்படிப் பெரிதாகக் கேட்டதாகத் தெரியாததால், கேட்க ஆளே இல்லை என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் நாவாட்டல் பேசுகிறவர்கள் இன்றும் 15 லட்சத்துக்கு மேல்.

நான் இதைத் தடையாகப் பார்க்கவில்லை. தெய்வத்தை ஆடக் கூடாது என்றால் தெருக்கூத்தே இருக்க முடியாதே. திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் ஏறுகிறார், மண்ணில் பிசைந்து படுக்க வைத்த துரியோதனன் படுகளத்தில் சாகிறான், அடுத்த திருவிழாவில் மறுபடியும் சாகிறான். ஊரே சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. ஆனால் அதற்கு ஊர் சம்மதம் உண்டு, காப்புக் கட்டு உண்டு, யார் எந்த வேஷம் கட்டலாம் என்ற முறை உண்டு.

அந்தப்படி ஒரு நடுகல் விளையாட்டு வந்தால் அதில் ஆடுகிறவர் வேடியப்பனாக இருக்க வேண்டியதில்லை. மாடு போன சேதி கேட்டு ஓடி வந்த ஊர்க்காரராக இருக்கலாம், கல் செதுக்கியவராக இருக்கலாம், இரண்டு பேரைக் கடித்த கோவிவனாகவே இருக்கலாம். செத்தவன் திரும்ப எழுந்து மறு ஆட்டம் ஆடக் கூடாது. அவன் விழுந்த பிறகு கல் தேடுவதும், நீராட்டுவதும், பெயர் பொறிப்பதும், நடுவதும்தான் ஆட்டத்தின் பாதி. தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லும் வரிசையும் அதுதான்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல்.