உரையளவை: சமய நம்பிக்கையின் தருக்க வரலாறு

நேரில் காணாத ஒன்றைப் பிறர் சொல்லால் அறியும் வழியே உரையளவை. சப்தம், ஆகமப் பிரமாணம் என்றும் தத்துவ நூல்கள் இதைச் சொல்லும். வேதத்தை, ஆகமத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வியை இந்தியத் தத்துவவாதிகள் பெரும்பாலும் இதன் கீழேதான் விசாரித்தார்கள். அதனால் நம்பிக்கை அறிவுக்குப் புறம்பான உணர்ச்சியாக ஒதுக்கப்படவில்லை; சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்ற குறுக்கு விசாரணைக்கு உட்பட்டே நின்றது. பொருளை நேரே உணர்ந்து, உணர்ந்தபடியே சொல்ல விரும்புபவர் நம்பத்தக்கவர் என்று நியாய சூத்திரத்தின் உரைகாரர் வாத்ஸ்யாயனர் வரையறுத்தார். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் (அயலாருக்கும்) அந்த இலக்கணம் பொது என்றும் சேர்த்தார். அவர் காலத்துக்கு இது துணிச்சலான பேச்சு. விஷம் இறக்கும் மந்திரமும் ஆயுர்வேதமும் பலிப்பது கண்கூடு, அவற்றைச் சொன்னவர்களின் வேதத்தையும் அவ்வாறே நம்பலாம் என்பது நியாய மரபின் வாதம். பிள்ளை வேண்டி வேள்வி செய்தும் பிள்ளை பிறக்கவில்லையே என்ற ஆட்சேபத்தை அந்நூலே எழுப்பி, சடங்கிலோ செய்தவரிலோ கருவியிலோ குறை இருந்திருக்கும் என்று விடை சொல்கிறது. இது வலுவில்லாத விடை. பலித்தால் நூலின் பெருமை, பலிக்காவிட்டால் செய்தவர் குற்றம் என்றால் மருந்தை உவமை காட்டியதற்கே பொருளில்லை.

மீமாம்சகரான குமாரிலர் (7ஆம் நூற்றாண்டு) வேறு பக்கம் போனார். பொய்யும் மயக்கமும் சொல்பவரால் வருபவை. வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, எனவே பிழைக்கும் வழியில்லை என்றார். ஆனால் பிழை செய்ய ஆளில்லாத இடத்தில் பொறுப்பேற்கவும் ஆளில்லை. பௌத்தரான திக்நாகரோ உரையைத் தனி அளவையாக ஏற்காமல், அறிந்ததைக் கொண்டு அறியாததை ஊகிக்கும் அனுமானத்துள் அடக்கினார். இந்த மோதலைத் தமிழில் மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் கிட்ட நின்று பார்க்கலாம். வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளைக் கேட்டுவரும் மணிமேகலை, காட்சி ஒன்றையே ஏற்கும் பூதவாதியிடம், பெற்றோரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். நியாயவாதி அங்கிருந்தால், அது அனுமானமல்ல, தாய் சொன்ன சொல் என்றிருப்பார். இதில் நியாயவாதியின் பக்கமே சரி: குழந்தை ஆராய்ந்து முடிவுகட்டித் தாயை நம்புவதில்லை. ஆனால் பின்னாளில் ஐயம் எழுந்தால் ஆராயத்தான் வேண்டும். அங்கே பௌத்தர் சொல்வது பொருந்தும்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிறர் கூறும் அளவைகளையெல்லாம் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை என்னும் மூன்றில் அடக்கினார். மலமற்ற இறைவன் அருளியதால் ஆகமம் பிழையற்றது என்பது சைவ சித்தாந்தம். இறைவனை ஆகமத்தாலும் ஆகமத்தை இறைவனாலும் நிறுவுவது சுற்றி வருவதல்லவா என்று கேட்கலாம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி மறையும் உலகைக் காட்டி இறைவனை அனுமானத்தால் நிறுவுவதால், அந்தக் குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தாது. எனினும் உலகுக்கு ஒரு கருத்தா உண்டு என்பதை மட்டுமே அந்த அனுமானம் காட்டும். குறிப்பிட்ட நூல் அவன் வாக்குதான் என்பதை அது காட்டாது.