வாழ்த்துச் சொல்லே பெயரான மொழி

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா தேசத்தின் வடகிழக்கு மூலையில் பொல்கத்தங்கா என்றொரு நகரம் உண்டு. அந்நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் தாயகமாகக் கொண்ட பல இலட்சம் மக்களின் மொழியை அறிஞர் 'ஃபரேஃபரே' என வழங்குவர். ஆங்கிலேயர் வாயில் அது 'ஃபிராஃபிரா' எனத் திரிந்தது.

இப்பெயர் அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்டதன்று. உழைத்துக் களைத்தோரையும் துயருற்றோரையும் கண்டால், 'யா ஃபரேஃபரே' என்று பரிவோடு வாழ்த்துவது அவர்தம் வழக்கம். அடிக்கடி அதனைச் செவியுற்ற அந்நியர் அதையே இனப்பெயராக்கிவிட்டனர் என்பர்.

அம்மக்களைக் கேட்டால் வேறு பெயர்களே வரும். பொல்கத்தங்காவில் குரேனே, நவ்ரொங்கோப் பக்கத்தில் நன்கானி, பொங்கோவில் பூனி. வடக்கே புர்க்கினா பாசோவில் வாழ்வோர் நின்காரே என்பர். ஒரே மொழியினர் இரு தேசத்தவரானது எவ்வாறு? 1898 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்த உடன்படிக்கையின்படி, 11 ஆம் அகலக்கோட்டை ஒட்டி எல்லை வகுக்கப்பட்டது. அவ்வூர்களில் எம்மொழி பேசப்படுகிறதென்று அக்கோட்டை வரைந்தோர் விசாரித்ததாகத் தெரியவில்லை.

தொங்கோக் குன்றுகளில் வாழும் தல்லென்சி மக்களின் தல்னியும், அண்டையிலுள்ள நப்த்தும் இம்மொழியின் கிளைகளா, தனிமொழிகளா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. மோசி, டக்பானி, மம்புருலி ஆகியவை எல்லாம் ஒரே குடும்பத்தின. நெருங்கிய உறவினரிடையே வேலி போடுவது எளிதன்று. 'தல்லென்சி' என்ற பெயரை உலகறியச் செய்தவர் 1934 முதல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்த மேயர் ஃபோர்ட்டெஸ். குலமுறை பற்றிய அவரது பெருநூல் 1945 இல் வெளிவந்தது.

அதற்கு முன்பே, 1932 இல், ராட்ரே என்ற ஆங்கில அதிகாரி அசாந்தியின் வடபுலக் குடிகளைப் பற்றி இரு பாகங்களில் நூல் வெளியிட்டார். அதிலே விக்டர் அபோயா என்பவர் தம் மக்களைப் பற்றித் தாய்மொழியிலேயே எழுதியவை இடம்பெற்றன. என் மதிப்பில், அந்நூலின் உயிர் அப்பக்கங்களிலேதான் இருக்கிறது.

ஆயினும் ஏட்டில் ஏறிய மொழி பள்ளியில் ஏறுவதற்கு நாட்சென்றது. சுதந்திர கானாவில் அரசின் ஆதரவு பெற்ற 11 மொழிகளின் வரிசையில் நெடுங்காலம் குரேனே இடம்பெறவில்லை. பேசுவோர் தொகையிற் குறைந்த அயல்மொழியான காசெம் இடம்பெற்றது. ஆதலால் குரேனேப் பிள்ளைகளிற் பலர், வீட்டிற் பேசிய மொழியை வாசலிலே விட்டுவிட்டே வகுப்பறைக்குள் நுழைந்தனர். பின்னர், வின்னெபாக் கல்விப் பல்கலைக்கழகத்தில் அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பயிற்றப்படலாயினர்.