நிறம் ஏறும் தைலம்

வெட்பாலை இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பச்சை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறிவிடும். அடுப்பே வேண்டாம், சூரியபுடம் என்பார்கள் சித்த வைத்தியர்கள். காளாஞ்சகப்படை எனும் சோரியாசிசுக்கும் பொடுகுக்கும் அவர்கள் தரும் தைலம் இது. சோழமண்டலக் கரைப் புதர்க்காடுகளில் தானாக வளரும் மரம் வெட்பாலை. அனுமந்தை, மரக்காணம் உப்பளப் பக்கத்தாருக்கு அந்நியமல்ல.

வைத்தியர்களைப் போலவே சாயக்காரர்களும் இந்த இலையைத் தேடினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இலையை வெந்நீரில் ஊறவைத்து நீலம் எடுக்கும் முறையை எழுதி வைத்தார். வழக்கமாக நீலம் எடுக்கும் அவுரிச் செடிக்கு வயலும் உழவும் வேண்டும். வெட்பாலைக்குக் காடு போதும்.

இலைக்குள் இருக்கும்வரை சாயத்துக்கு நிறமில்லை. இலை கசங்கிக் காற்றுப் பட்டதும் இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீல நிற இண்டிகோ ஆகின்றன. சில, ஐசாட்டின் என்ற பொருளோடு சேர்ந்து செவ்வூதா நிற இண்டிரூபின் ஆகின்றன. ட்ரிப்டாந்த்ரின் என்ற மஞ்சள் பொருளும் இந்த இலையில் உண்டு. மருந்துக் குணத்தில் ஒரு பங்கு இந்தச் சாயக் குடும்பத்துக்கு உண்டு.

இந்த மருந்துக் குணத்தின் ஒரு துண்டு தெரியவந்தது ஜப்பானில். ஒகினாவாவில் நீலச்சாயம் எடுக்கும் வேறொரு செடியிலிருந்து, 1979இல் ட்ரிப்டாந்த்ரினைப் பிரித்தெடுத்து, அது தோல் பூஞ்சையை அடக்கும் என்று காட்டினார்கள். இங்கே, சென்னை அரும்பாக்கம் மத்திய சித்த ஆராய்ச்சி நிலையம் வெட்பாலைத் தைலத்தை '777 எண்ணெய்' என்ற பெயரில் சோரியாசிஸ் நோயாளிகளிடம் பரிசோதித்தது, டாக்டர் ஜே.ஆர். கிருஷ்ணமூர்த்தியின் பெயர் அதோடு சேர்ந்தே வரும். 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, வெட்பாலை இண்டிரூபின் படர்தாமரை, சேற்றுப்புண் உண்டாக்கும் பூஞ்சைகளைச் சோதனைக்கூடத்தில் தடுப்பதைக் காட்டியது. கூடத்தில் அடங்கிய பூஞ்சை தோலிலும் அப்படியே அடங்கும் என்று சொல்லிவிட முடியாது.

புட்டிக்குப் போகும் வழியில் தைலத்துக்குப் பெரிய எதிரி ஈரம். இலைநீர் தங்கினால் எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். பூஞ்சையை விரட்டும் மருந்திலேயே பூஞ்சை பிடிக்கும். அதனால் எண்ணெயில் திரியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். சடசடத்தால் நீர் இருக்கிறது, மறுபடி வெயில் காட்ட வேண்டும். சத்தமில்லாமல் எரிந்தால் வடிகட்டலாம்.

மரக்காணம் பக்க உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தைலம் எதுவரை உதவும்? செறிந்த உப்புநீரில் நாளெல்லாம் நிற்கிற காலில் தோல் வறண்டு வெடிக்கிறது. அதைச் செய்வது பூஞ்சை அல்ல, உப்பு. வேலை முடிந்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால் வறட்சி தணியும். வெடிப்பில் ரத்தம் கசிந்தாலோ, சர்க்கரை நோய்க்காரருக்குக் காலில் புண் வந்தாலோ, தைலத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் விடியுமுன் திரும்பவும் பாத்தியில் இறங்கப்போகும் காலுக்கு, தைலப் புட்டிக்கு முன்னால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வேண்டும்.