வில்லியம் ரோஸ் ராபின்சன்

சர் வில்லியம் ரோஸ் ராபின்சன் (1822 - 1886) என்பவர் பிரித்தானிய இந்தியாவின் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆட்சிப்பணி அதிகாரி ஆவார். மாகாணக் காவல்துறையின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்தவர். 1875இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் பொறுப்பு வகித்தார்.

பின்னணி

1801இல் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட ஆற்காட்டு நவாபின் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. பாளையக்காரர்களின் காவல் உரிமை நீக்கப்பட்டது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி காவல் பொறுப்பைக் கலெக்டரிடமும், அவருக்குக் கீழே தாசில்தார், கிராமத் தலைவர், தலையாரி ஆகியோரிடமும் ஒப்படைத்தது. இதனால் நிலவரி தண்டுபவரே குற்றவாளியைப் பிடிப்பவராகவும் ஆனார். அதே நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் கவுண்டிகள் பலவற்றிலும் ஷெரிப் எனப்படும் அதிகாரி இவ்விரு வேலைகளையும் செய்தார். எனினும் ஷெரிப் பதவி பொதுவாகத் தேர்தல் மூலம் நிரப்பப்பட்டது. தாசில்தாரை அகற்றும் வழி குடிமக்களுக்கு இருக்கவில்லை.

சித்திரவதை ஆணையம்

வரி பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடிமக்கள் துன்புறுத்தப்படுவதாக எழுந்த புகார்களை எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை 1855இல் வெளியானது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் 'கிட்டி', ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் பிணைக்கும் 'அனந்தாள்' ஆகிய கொடுமைகள் வழக்கத்தில் இருந்ததை அறிக்கை உறுதி செய்தது. வருவாய்ப் பணியையும் காவல் பணியையும் பிரிக்கவேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. இவ்வறிக்கை குறித்துக் கார்ல் மார்க்சு 1857இல் நியூயார்க் ட்ரிபியூன் இதழில் எழுதினார்.

காவல்துறைச் சீரமைப்பு

1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டமான சென்னை மாவட்டக் காவல் சட்டம் தனிக் காவல்துறையை உருவாக்கியது. அயர்லாந்துக் காவல் படை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. மாவட்டந்தோறும் ஒரு கண்காணிப்பாளரும், மாகாணம் முழுவதற்கும் ஒரு தலைமை அதிகாரியும் அமைந்தனர். அத்தலைமைப் பொறுப்பை ராபின்சன் ஏற்றார். 1860இல் அமைக்கப்பட்ட அனைத்திந்தியக் காவல் ஆணையத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். அதன் பரிந்துரைகளின் பேரில் 1861இல் இந்தியக் காவல் சட்டம் இயற்றப்பட்டது.

பிரிவினை முழுமையானதாக இருக்கவில்லை. மாவட்டக் காவல்துறை, மாஜிஸ்திரேட்டாகவும் இருந்த கலெக்டரின் பொதுக் கட்டுப்பாட்டிலேயே தொடர்ந்தது. சித்திரவதைக்கு எதிரான மற்றொரு தடையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (1861) கொண்டுவந்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்பதே அது. இவ்விதி இந்தியச் சான்றுச் சட்டத்தின் (1872) 25ஆம் பிரிவாகவும், 2024 சூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 23ஆம் பிரிவாகவும் தொடர்கிறது.

தற்காலிக ஆளுநர்

1875 ஏப்ரலில் ஆளுநர் ஹோபார்ட் பிரபு பதவியில் இருக்கும்போதே இறந்தார். ராபின்சன் ஏப்ரல் 29 முதல் நவம்பர் 23 வரை அப்பொறுப்பை வகித்தார். அவருக்குப்பின் பக்கிங்காம் பிரபு ஆளுநரானார்.

நினைவு

1859ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்ட செப்டம்பர் 6ஆம் நாள் தமிழ்நாட்டில் காவலர் நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என 2025இல் மாநில அரசு அறிவித்தது.