500 டொலர் காரும் எமது ஊர் வீதியும்



சென்ற வாரம் இடைவேளை நேரத்தில் தரம் 10 மாணவர்கள் இருவர் ஒரு கேள்வியோடு வந்தார்கள்.

"சேர், பழைய சின்னக் கார் ஒண்டுக்கு வீட்டுலேயே டேர்போ பூட்டி ரேஸ் ஓடலாமா?"

இருவரில் ஒருவனை எமக்கு நன்றாகத் தெரியும். நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்த பிறகு, சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிளில் பிரதான வீதியை மேலும் கீழும் அளப்பவன். "படிக்கிற வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் பெருநாளைக்கு மறுநாள், இதே வீதியில் போன பழைய மாணவன் ஒருவனின் ஜனாஸாவை நாம் தூக்கினோம். அவனும் ஒரு காலத்தில் இப்படி ஏதாவது கேட்டிருப்பான். நாமும் "படி" என்றுதான் சொல்லியிருப்போம். ஆகவே இம்முறை தேடிப் படித்தோம். அந்த வரலாற்றை அவர்களுக்குச் சொன்னதுபோலவே இங்கும் எழுதுகிறோம். சற்று நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் டேர்போ என்றால் என்ன?

கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதினால் நெருப்பு ஏன் கூடுகிறது? காற்று கூடுவதால். எஞ்சினும் அப்படித்தான். உள்ளே போகும் காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டலாம், சக்தியும் கூடும். அந்தத் துருத்தியை யார் ஊதுவது? சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி 1905 இல் பதிவுசெய்த காப்புரிமைதான் அதற்கு விடை. எஞ்சினின் வெப்பத்தில் பெரும்பங்கு புகையோடு வீணாகப் போகிறது. அந்தப் புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றட்டும், அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பட்டும் என்றார் அவர். யோசனை எளிது, ஆனால் அது ஒழுங்காக வேலைசெய்ய 20 வருடங்கள் சென்றன. 1925 இல்தான் டீசல் எஞ்சின் ஒன்றின் சக்தியை 40 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டினார்.

இன்று எமது ஊர் லொறிகளிலும் டீசல் வேன்களிலும், ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி சிறு வாகனங்கள் சிலவற்றிலும் இருப்பது அதே யோசனைதான்.

பெற்றோல் காரில் கதை வேறு. காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்றும் பெற்றோலும் சேர்ந்தால் ஸ்பார்க் பிளக் பொறி வந்து சுடர் ஒழுங்காகப் பரவும் முன்பே, கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். மெக்கானிக்மார் "நொக் அடிக்குது" என்பது இதைத்தான். எரிபொருள் நிலையத்தில் 92, 95 என்று எழுதியிருப்பது, அந்தப் பெற்றோல் நொக் அடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. தொடர்ந்து நொக் அடித்தால் பிஸ்டன் உடையும், சில வேளை ஓட்டையாகும்.

பெரிய கம்பனிகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. 1962 இல் அமெரிக்காவில் வந்த ஒல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், முதன்முதலில் விற்பனைக்கு வந்த டேர்போ கார்களில் ஒன்று. நொக்கைத் தடுக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றைத் தனித் தாங்கியில் வைத்துக் காற்றோடு தெளித்தார்கள். உரிமையாளர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். தாங்கி வெறுமையானால் காரின் சக்தியும் இறங்கிவிடும். இரண்டு வருடங்களில் 10,000 கார்கள்கூட விற்கவில்லை. பிறகு டேர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்பரேட்டர் பூட்டிக் கொடுத்தார்கள்.

பிரான்சின் ரெனோ 1977 இல் பிரித்தானியாவின் சில்வர்ஸ்டோன் களத்துக்கு ஃபோர்மியுலா 1 பந்தயத்தின் முதலாவது டேர்போ காரைக் கொண்டுவந்தது. அது அடிக்கடி புகை கக்கி நின்றதால் "மஞ்சள் கேத்தல்" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி அடங்கியது 1979 ஜூலை 1 ஆம் திகதி, பிரான்சின் டிஜோன் களத்தில் அது முதல் வெற்றியைப் பெற்றபோதுதான். ஒரு பெரிய கம்பனிக்கே இரண்டு வருடங்கள் தேவைப்பட்டன.

"அப்ப வீட்டுல ஏலாதா சேர்?" என்று பையன் முகம் சுருங்கினான். ஏலும். அதற்கு இன்னொரு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1922 இல் பிரித்தானியாவில் ஒஸ்டின் செவன் எனும் சின்னஞ்சிறு கார் வந்தது. 747 சிசி எஞ்சின். சாதாரண குடும்பங்கள் வாங்கக்கூடிய கார். 1939 வரை ஏறக்குறைய 2,90,000 கார்கள் செய்யப்பட்டன. பிறகு அவை பழசாகி மலிவாகக் கிடைத்தன. கையில் காசில்லாத, ஆனால் சாவியும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்த இளைஞர்களுக்கு அந்தப் பழைய கார்களே பள்ளிக்கூடமாயின. 1939 இல் அவர்களுக்காக 750 கிளப் என்ற சங்கம் உருவானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது ஒஸ்டின் செவனை அடிப்படையாகக் கொண்ட மலிவுப் பந்தய வகுப்பொன்றைத் தொடங்கியது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று சட்டம் எழுதினார்கள். பணக்காரன் பணத்தால் வெல்லக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

அங்கே வந்தவர்களில் ஒருவர் கொலின் சப்மன். லண்டனில் பொறியியல் படித்த மாணவர். காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு கராஜில், பழைய ஒஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து 1948 இல் தன் முதலாவது காரைச் செய்தார். 1951 இல் 750 வகுப்புக்கென்று இன்னொன்று செய்தார். ஒஸ்டின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருந்தாலும், காற்று போகும் வழிகள் இரண்டுதான். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வழியில் இழுபட்டுக் கொண்டிருந்தன. சப்மன் அந்த வழிகளின் நடுவே தடுப்பு வைத்து நான்காக்கினார். டேர்போ இல்லை, புதிய எஞ்சினும் இல்லை. ஆனாலும் அந்த வருடம் அவரை மற்றவர்களால் நெருங்க முடியவில்லை. பின்னர் சங்கம் அந்த உத்தியைத் தடைசெய்தது. சப்மன் அடுத்த யோசனைக்குப் போனார். அவர் தொடங்கியதுதான் லோட்டஸ் கம்பனி. 1963 இல் அது ஃபோர்மியுலா 1 உலகப் பட்டத்தையும் வென்றது.

உலகின் மறுமுனையில், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், வாகனத் திருத்துமிடம் வைத்திருந்த ஒரு தகப்பன் பிரித்துப் போட்டிருந்த ஒஸ்டின் செவன் ஒன்றை 110 பவுணுக்கு வாங்கினார். அவருடைய மகனுக்குச் சிறு வயதில் இடுப்பெலும்பு நோய். இரண்டு வருடங்களளவில் சிகிச்சை இல்லத்தில் படுக்கையில் கிடந்த பிள்ளை. தகப்பனும் மகனும் சேர்ந்து அந்தக் காரைப் பூட்டினார்கள். 1952 இல், 15 வயதில், முரிவாய் எனும் இடத்தில் நடந்த மலையேற்றப் போட்டியில் மகன் அந்தக் காரை ஓட்டினான். அந்நாட்டில் அப்போது 15 வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். அந்தப் பையன்தான் புரூஸ் மக்லரன். இன்றும் அவர் பெயரில் ஃபோர்மியுலா 1 அணி ஓடுகிறது. ஆனால் 1970 ஜூன் 2 இல், தான் செய்த காரொன்றைப் பரீட்சித்துப் பார்க்கும்போது விபத்தில் அவர் இறந்தார். வயது 32. திறமையுள்ளவனையும் வேகம் விட்டுவைப்பதில்லை என்பதையும் பையன்களிடம் மறைக்காமல் சொன்னோம்.

இந்த இரண்டு வரலாறுகளும் சந்திக்கும் இடம் ஒரு ஜப்பான் கார். சப்மனின் லோட்டஸ் 1962 இல் வெளியிட்ட எலான் காரின் சாயலில், மஸ்டா கம்பனி 1989 இல் எம்எக்ஸ் 5 எனும் இருவர் செல்லும் சிறு காரைக் கொண்டுவந்தது. 1.6 லீற்றர் எஞ்சின், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. எமது ஊரில் ஒரு காலத்தில் ஓடிய மஸ்டா 323 காரின் எஞ்சின் குடும்பம்தான் அதிலும். அந்தக் குடும்பத்தில் டேர்போ பூட்டிய எஞ்சினொன்று 323 இல் முன்பே வந்திருந்தது. ஆகவே அளவோடு அமுக்கினால் இதுவும் தாங்கும் என்று அமெரிக்க இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். வீட்டுக் கராஜ்களில் வேலை தொடங்கியது.

ஆனால் டேர்போ பூட்டுவதென்பது டேர்போவை மட்டும் பூட்டுவதல்ல. அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுற்றக்கூடியது. அதற்கு ஒயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய் வேண்டும். திரும்பி வரும் குழாய்க்காக ஒயில் சம்பைத் துளைக்க வேண்டும். சூடான காற்றை ஆற்ற இண்டர்கூலர், அமுக்கம் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிட ஒரு வால்வு, பெரிய இன்ஜெக்டர்கள் என்று பட்டியல் நீளும். காற்றுக்கேற்ற பெற்றோலை அளந்து கொடுக்கக் கணினியும் வேண்டும். 2001 இல் இரண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்ற கணினியை வடிவமைத்து, ஆர்வலர்கள் தாமே ஈயம் பற்றவைத்துச் செய்யக்கூடிய பொதியாக வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் சாதாரண ஆட்களுக்கு இந்த வேலை கட்டுப்படியானது. அதிலும் அமுக்கத்தைக் கூட்டியவர்களுக்கு அடுத்த செலவு வந்தது. எஞ்சின் தாங்கினாலும் கிளட்ச் வழுக்கியது. கிளட்சை மாற்றினால் 1.6 காரின் சிறிய டிபரன்ஷல் உடைந்தது. ஓரிடத்தில் கூட்டினால் அடுத்த இடம் கணக்குக் கேட்கும்.

கடைசியாக நாம் சொன்னது 2006 இல் கலிபோர்னியாவின் அல்டமொண்ட் களத்தில் தொடங்கிய பந்தயத்தைப் பற்றி. பிரான்சின் புகழ்பெற்ற லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தைக் கேலி செய்து அதற்கு "24 அவர்ஸ் ஒஃப் லெமன்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் பழுதான காரை "லெமன்" என்பார்கள். காரின் விலையும் திருத்திய செலவும் சேர்த்து 500 டொலரைத் தாண்டக்கூடாது. கணக்கில் பொய் என்று நடுவர்கள் கண்டால், பந்தயம் தொடங்கும் முன்பே சுற்றுகளைக் குறைத்துவிடுவார்கள். முரட்டுத்தனமாக ஓட்டுபவரைக் களத்திலிருந்து இறக்கி, எல்லோரும் பார்க்க வேடிக்கையான தண்டனை கொடுப்பார்கள்.

அந்தச் சட்டத்தில் எம்மை நிறுத்தியது ஒரு வரி. பாதுகாப்புக்குச் செலவழிப்பது அந்த 500 டொலர் கணக்கில் சேராது. கார் புரண்டால் சாரதியைக் காக்கும் இரும்புக் கூடு, ஆசனம், பட்டி, தீயணைப்பு, பிரேக், டயர் இவற்றுக்கு எவ்வளவும் செலவழிக்கலாம். சும்மா சிரித்துப் பொழுதுபோக்க வந்த கூட்டம்தான். ஆனாலும் எஞ்சினில் கஞ்சத்தனம் செய், உயிரில் செய்யாதே என்று முதல் நாளிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

எமது ஊர் வீதியில் நடப்பது இதற்கு நேரெதிர். சத்தத்துக்குச் செலவழிக்கிறோம். ஹெல்மட் பெற்றோல் டேங்கின் மேல் கிடக்கிறது. தேய்ந்த டயரைப் பார்ப்பதற்கு ஆளில்லை. பிரித்தானியப் பையனுக்கும் எமது பையனுக்கும் ஆசையில் வித்தியாசம் இல்லை. அவனுக்கு ஒரு கராஜ் இருந்தது, சட்டம் எழுதிய சங்கம் இருந்தது, பூட்டிய களம் இருந்தது. கூடவே, மக்லரனுக்கு இருந்ததுபோல் பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் கொடுக்கப் பெரியவர்கள் இருந்தார்கள்.

எமது நாட்டுக்கும் இது புதிதல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இலேயே தொடங்கியது. அதேநேரம் களம் இருந்தால் மட்டும் போதாது என்பதும் எமக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் தியத்தலாவை பந்தயத்தில் கார் ஒன்று பாதை விலகி, பார்க்க வந்தவர்கள் பக்கம் போனதில் ஏழு பேர் இறந்தார்கள்.

அன்று மாலை அந்த இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு, தெரிந்த கராஜ் நானா ஒருவரிடம் போனோம். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "மகன், டேர்போ பூட்டுறது ரெண்டு நாள் வேல. அதுக்குத் தோதா பிரேக்கும் பொடியும் செய்யுறது ரெண்டு மாசம். ரெண்டு நாள் வேலக்கித்தான் எல்லாரும் வருவாங்க. ரெண்டு மாச வேலக்கி வாறவனுக்கு நான் பழக்குவன்" என்றார்.

சனிக்கிழமைகளில் அஸர் வரை நான்கு மாணவர்களை அவர் ஏற்றுக்கொள்கிறார். பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வாகனம் எதுவும் ஓட்டக்கூடாது, எஞ்சின் பிரித்துப் பூட்டுவது மட்டும்தான். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இது பாடமாகவும் இருக்கும்.

இப்போது உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வளவில் ஓடாத பழைய எஞ்சின் ஏதாவது துருப்பிடித்துக் கிடந்தால், இரும்புக்குப் போடும் முன் எமக்குச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டர் என்றாலும் பரவாயில்லை, முச்சக்கர வண்டியினது என்றாலும் பரவாயில்லை. பிள்ளைகள் பிரிக்கட்டும், பிழையாகப் பூட்டட்டும், திரும்பப் பிரிக்கட்டும்.

நோன்பு காலத்தில் வீதியை அளந்த அந்தப் பையன் முதல் சனிக்கிழமையே வந்துவிட்டான். வரும்போது மோட்டார் சைக்கிளில் சைலன்சர் இன்னும் இல்லைதான். ஆனால் நானா சொன்னதும் இறங்கிப் போய், தன் பின் டயரைக் குனிந்து பார்த்தான். அதன் பிறகு அதை உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் ஹயாத்தை நீளமாக்கி வைப்பானாக. ஆமீன்.