டவர் விழுந்தாலும் பேசும் செட்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. திருவதிகையை ஒட்டிய பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் போய்விட்டால், பேட்டரியும் ஜெனரேட்டருக்கு டீசலும் உள்ளவரைதான் செல்போன் டவருக்கு உயிர். உரிமம் பெற்ற ஆர்வலர்கள் சொந்தக் கருவியில் பேசும் ஹாம் வானொலியை இப்போது செல்போனிலிருந்தே இயக்க முடிகிறது. அதில் நன்மை உண்டா என்பதை அந்த டிசம்பரை வைத்துத்தான் எடைபோட வேண்டும். செல்போன் வந்ததால் ஹாம் கெட்டுப்போகாது. போனுக்கும் வானொலி செட்டுக்கும் நடுவில் உள்ள வழி அடுத்தவர் கையில் இருந்தால்தான் கெடும்.

ஹாம்களின் பலமே அடுத்தவர் கம்பியை நம்பாததுதான். 1939இல் போர் மூண்டதும் அரசு ஹாம் உரிமங்களை நிறுத்தியது. கம்பியும் எக்ஸ்சேஞ்சும் இல்லாமல் பேசுகிறவர்களைக் கண்டு அரசு அஞ்சியதில் வியப்பில்லை. அதே குணம்தான் 2004 டிசம்பர் 26 அன்று கைகொடுத்தது. தேவனாம்பட்டினத்தையும் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையையும் வாரிய அதே ஆழிப்பேரலை அந்தமானையும் தாக்கியது. அங்கே ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு, தொலைபேசி அறுந்த போர்ட் பிளேரிலிருந்து தகவல்களை வெளியே அனுப்பியது.

திரையில் விரலைத் தேய்ப்பது ஹாமா என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். 2020இல் வந்த ஐகாம் ஐசி-705ஐ எடுத்துக்கொள்வோம். அந்தச் செட்டே வைஃபை அலையைப் பரப்பும். போன் அதில் நேராக இணைந்துகொள்ளும். நடுவில் டவரும் இல்லை, இணையமும் இல்லை. சொந்த பேட்டரியில் 5 வாட். தென்னைக்குத் தென்னை பத்துப் பத்து மீட்டராக இரு பக்கமும் கம்பி இழுத்து 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிச் சில நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள் இறங்கும். சென்னை அதற்குள் அடக்கம். ஆண்டெனா கட்டுவதும் எந்த நேரத்தில் எந்த அலைவரிசை திறக்கும் என்று கணிப்பதும் இன்னும் ஆளின் வேலைதான். குமிழைத் திருகுவது மட்டுமே ஹாம் என்றால், மோர்ஸ் சாவியை விட்டு மைக்கைப் பிடித்த அன்றே அது முடிந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: பலர் இணையம் வழியாகத்தானே இயக்குகிறார்கள்? உண்மைதான். சென்னை அடுக்ககத்தில் ஆண்டெனா கட்ட இடமில்லாதவர் ஊரில் செட்டை வைத்து இங்கிருந்து பேசுவது சாதாரண நாளில் நல்ல ஏற்பாடு. புயலன்று டவரோடு அதுவும் போய்விடும். எனவே செட் இருக்கும் ஊரிலேயே இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும்; அவரிடம் சொந்த உரிமமும் இருக்க வேண்டும், வெறுமனே வீட்டுச் சாவியை வைத்திருப்பவர் பேச்சுப் பொத்தானை அழுத்த முடியாது.